‘வா’வுக்கும் ‘வாங்க’வுக்கும் நடுவே

கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் இரண்டு பேர். முன்பின் பழக்கம் இல்லை. ஒருவருக்கு நாற்பது இருக்கும். மற்றவருக்கு முப்பத்தைந்தா நாற்பத்தைந்தா என்று சொல்ல முடியாத முகம். மாப்பிள்ளை வீடா, பெண் வீடா, என்ன முறையாக வேண்டும், ஒன்றும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பதும் நன்றாக இல்லை. முதலாமவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்கிறார்: ‘சாப்பாடு ஆச்சா?’

இந்த இரண்டு சொல்லில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. ‘சாப்பிட்டியா’ என்றால், எதிரில் இருப்பவர் இளையவர், நெருங்கியவர் அல்லது தாழ்ந்தவர் என்று முடிவுகட்டியாயிற்று. ‘சாப்பிட்டீங்களா’ என்றால் மூத்தவர், அந்நியர் அல்லது உயர்ந்தவர். ‘சாப்பாடு ஆச்சா’வில் ஆளே இல்லை. எழுவாய் சாப்பாடு, வினைமுற்று அஃறிணை ஒருமை. கேட்டவர் தன்னை எந்தப் பக்கமும் சிக்கவைத்துக்கொள்ளவில்லை. பதில் ‘ஆச்சுங்க’ என்று வந்தால் இவரும் ‘ங்க’ போட்டுக்கொள்ளலாம். ‘ஆச்சுப்பா’ என்று வந்தால் எதிராளி தன்னை மூத்தவராக நினைக்கிறார் என்று தெரிந்துவிடும்.

தமிழில் ‘நீ’, ‘நீங்கள்’ என்ற சொற்களை விட்டுவிட்டுப் பேசலாம். பாதி நேரம் விட்டுவிட்டுத்தான் பேசுகிறோம். வினையின் விகுதியை விட முடியாது. வந்தாய் என்றோ வந்தீர்கள் என்றோ முடித்தாக வேண்டும். வினையே வராத பேச்சிலும் தப்பிக்க வழியில்லை. ‘ஆமா’ ஒன்று, ‘ஆமாங்க’ வேறொன்று, ‘ஆமாடா’ இன்னொன்று. கடைக்காரரிடம் ‘இல்ல’ என்பதற்கும் ‘இல்லீங்க’ என்பதற்கும் பொருளில் வேறுபாடு கிடையாது, உறவில் உண்டு. வாயைத் திறந்தவுடன் எதிராளியை ஒரு படியில் உட்காரவைத்துவிடும் மொழி இது. அப்படி உட்காரவைக்கத் தயங்கும் நேரத்தில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் தெளிவாகும்.

தமிழில் சில வினைகள் இடமும் எண்ணும் பாலும் காட்டுவதில்லை. வேண்டும், கூடாது, போதும், தெரியும், பிடிக்கும், ‘லாம்’ என்று முடிகிற வினைகள் எல்லாம் இந்த வகை. நான் போகலாம், நீ போகலாம், அவர் போகலாம்: மூன்றுக்கும் வடிவம் ஒன்றே. இந்த இலக்கண இடைவெளியைப் பேசுகிறவர்கள் பதுங்கும் இடமாக்கிக்கொண்டார்கள். வங்கி ஊழியர் ‘இங்க ஒரு கையெழுத்து போடணும்’ என்கிறார். ரயிலில் எதிர் இருக்கைக்காரர் ‘காலைக் கொஞ்சம் நகத்தணும்’ என்கிறார். முதல்முறை வீட்டுக்கு வந்த, மகளை விட இரண்டு மூன்று வயது மூத்த பையனிடம் அவளுடைய அம்மா ‘காபி குடிக்கலாமே’ என்கிறார். யார் குடிப்பது என்று வாக்கியத்தில் இல்லை. மாப்பிள்ளை ஆவானா ஆகமாட்டானா என்று தெரியாதவரை அது இல்லாமல் இருப்பதே நல்லது.

இன்னொரு வழி, முன்னிலையைப் படர்க்கையாக்குவது. ‘சார் எங்க இறங்கணும்?’, ‘டாக்டருக்கு எந்த ஊரு?’ நேரே நிற்பவரைப் பற்றி மூன்றாவது ஆளிடம் விசாரிப்பதுபோலக் கேட்கிறோம். தென்மாவட்டங்களில் இதைவிட நுட்பமான ஒன்று உண்டு: ‘நமக்கு எந்த ஊரு?’ கேட்பவருக்குத் தன் ஊர் தெரியும். ‘நாம்’ என்பது எதிராளியையும் சேர்த்துக்கொள்ளும் பன்மை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இங்கே அது பேசுகிறவரை வெளியே விட்டுவிட்டு எதிராளியை மட்டும் குறிக்கிறது. உரிமையும் கிடைக்கிறது, மரியாதையும் கெடவில்லை. (அடுத்த கேள்வி ‘நம்மாளுங்களா?’ என்று வந்தால் அது ஊர் விசாரிப்பு இல்லை, சாதி விசாரிப்பு என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதே ‘நம்ம’ அங்கே கதவைச் சாத்தவும் பயன்படுகிறது.)

ஒருவரைப் பன்மையால் குறிக்கும் பழக்கம் இங்கே நேற்று வந்ததில்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் இதைக் கவனித்திருக்கிறது. ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் உள்ள உயர்த்திச் சொல்லும் முறை. ஆனால் இலக்கண நெறி அது அன்று என்கிறது அந்த நூற்பாவின் கருத்து. ஒருமைக்கு ஒருமை, பன்மைக்குப் பன்மை என்பது விதி. தெருவில் வேறு மாதிரி பேசுகிறார்கள், என்ன செய்வது என்ற தொனி அதில் கேட்கிறது. தமிழ் நமக்கு விட்டுச்சென்ற மிகப் பழைய இலக்கண நூலிலேயே வழக்கு முன்னே போய்விட்டது, இலக்கணம் பின்னால் வருகிறது.

அந்த வழக்கு பிறகு எடுத்த வடிவம் விசித்திரமானது. பழந்தமிழில் ஒருவருக்கு ‘நீ’, பலருக்கு ‘நீர்’, ‘நீயிர்’, ‘நீவிர்’. பலருக்கு உரிய ‘நீர்’ ஒருவரை உயர்த்தவும் வந்தது. அப்படி வந்துவந்து அதன் பன்மை தேய்ந்தது. தேய்ந்ததை ஈடுகட்ட ‘கள்’ சேர்ந்த ‘நீங்கள்’, ‘அவர்கள்’ பெருகின. ‘கள்’ யாருடைய விகுதி? தொல்காப்பியர் காலத்தில் அது அஃறிணைக்கு உரியது. மரங்கள், ஆடுகள் என்று வருவது. உயர்திணைப் பெயரோடு ‘கள்’ சேர்வது திருக்குறளில் ஓரிரு இடங்களில் தலைகாட்டுகிறது. பின்னால் எங்கும் பரவிவிட்டது. இன்று முதலமைச்சர் பெயருக்குப் பின்னால் ‘அவர்கள்’ என்று போடுகிறோமே, அந்த மரியாதையின் வால் ஒருகாலத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உரியதாக இருந்தது. வாங்க, போங்க, ஏங்க, சரிங்க எல்லாவற்றிலும் இருப்பது அதே வால்தான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல் இன்னும் தாராளம். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகிய காரணங்களால் பாலும் திணையும் மாறினாலும் அது இயல்புதான் என்று பவணந்தி முனிவர் ஏற்றுக்கொள்கிறார். பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பதை உரைகாரர்கள் எடுத்துக்காட்டாகத் தருவார்கள். இன்றைய வீடுகளில் இதற்கு எடுத்துக்காட்டு தேடவே வேண்டாம். மூன்று வயது மகளை ‘வாடா தங்கம்’ என்கிறோம். மகனை ‘ஏம்மா அழற?’ என்கிறோம். கல்லூரி விடுதியில் பெண்கள் ஒருவரையொருவர் ‘வாப்பா’, ‘சொல்லுப்பா’ என்கிறார்கள். ‘பா’வில் இருந்த அப்பாவை அங்கே யாருக்கும் நினைவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுக்குள் நுழையும் மகனிடம் ‘வாங்க சார், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?’ என்று அம்மா கேட்பதும் பவணந்தியின் கணக்கில் அடங்கும். அங்கே ‘ங்க’ என்பது கோபம்.

இந்த ‘நீ’, ‘நீங்க’ என்ற இரண்டே படிகளோடு தமிழ் நின்றிருந்தால் கதை எளிது. ஊருக்கு ஊர் படிகளின் எண்ணிக்கையே மாறுகிறது.

யாழ்ப்பாணத்தில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் நடுவே ‘நீர்’ உயிரோடு இருக்கிறது. ‘நீர் எப்ப வந்தனீர்?’, ‘இதிலை இரும்’ என்று ஆசிரியர் வளர்ந்த மாணவனிடம் பேசலாம். உடன் வேலைபார்ப்பவரிடம் பேசலாம். கணவன் மனைவியிடம் பேசலாம். தாழ்த்தவும் இல்லை, தூக்கிவைக்கவும் இல்லை. யாழ்ப்பாணத் தமிழை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த பேராசிரியர் சு. சுசீந்திரராசா போன்றவர்கள் அங்கே சமூக உறவும் பேச்சு வடிவமும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்த ‘நீர்’ பெரும்பாலும் போய்விட்டது. இரண்டு இடங்களில் தங்கியிருக்கிறது. ஒன்று, திருநெல்வேலிப் பக்கம்: ‘என்னவே சொல்லுதீரு?’, ‘வாரும்வே’. இன்னொன்று, தேவாலயம். தமிழ்க் கிறிஸ்தவர்களின் ஜெபத்தில் கடவுள் ‘நீர்’, ‘தேவரீர்’, ‘உமக்கு’. சைவரும் வைணவரும் கடவுளை ‘நீ’ என்றே கூப்பிட்டுப் பழகியவர்கள்; முருகனிடம் ‘நீங்க’ சொல்லி வேண்டுபவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் அந்த உரிமைக்குப் போகவில்லை. அரசனுக்குரிய சொல்லைக் கொடுத்தார்கள். அதனால் ‘நீர்’ பிழைத்தது.

படர்க்கையில் இன்னும் சுவாரசியம். மதுரை, தேனி, திருச்சி, கொங்குப் பகுதிகளில் ‘வந்தாப்ல’, ‘சொன்னாப்ல’ என்று ஒரு வடிவம் உண்டு. ‘வந்தான்’ என்றால் மரியாதைக் குறைவு. ‘வந்தாரு’ என்றால் அவ்வளவு பெரிய ஆளும் இல்லை. சம வயதுப் பங்காளி, மாப்பிள்ளை முறைக்காரர், தெருவில் தெரிந்த மெக்கானிக், இவர்களுக்கெல்லாம் ‘ஆப்ல’. கேட்கிறவர் ஊர்க்காரர் என்றால் அந்த ஒரு விகுதியிலேயே பேசப்படும் ஆளின் வயதையும் உறவையும் கிட்டத்தட்டச் சொல்லிவிடுவார். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மேல்படிக்கு ‘அவுக வந்தாக’.

இப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘வந்தாப்ல’ பெரும்பாலும் ஆணுக்குத்தான். பேச்சுத் தமிழில் ‘அவரு’ என்பதும் ஆண்தான். எழுத்தில் ‘அவர்’ இருபாலுக்கும் பொது. செய்தித்தாளில் பெண் அமைச்சர் ‘அவர் கூறினார்’ ஆவார். வாயால் சொல்லும்போது ‘டீச்சர் வந்தாரு’ என்று பெண் ஆசிரியரைச் சொன்னால் காதுக்கு ஒட்டாது. பெண்ணுக்குப் பேச்சில் இரண்டே படி: ‘வந்தா’, இல்லையென்றால் ‘வந்தாங்க’. ஒன்று கீழே கிடக்கிறது, மற்றது பன்மை உயரத்தில் நிற்கிறது. ஆணுக்குத் தமிழ் கட்டிக்கொடுத்த நடுப்படிகள் பெண்ணுக்கு இல்லை.

இல்லாத படியை மக்கள் எப்படி நிரப்பினார்கள் தெரியுமா? அஃறிணையால். ‘அக்கா வந்துச்சு’, ‘அம்மா சொல்லுச்சு’, ‘அந்தப் பொண்ணு நல்லாப் படிக்குது’, ‘நர்ஸம்மா ஊசி போட்டுட்டுப் போகுது’. இலக்கண ஆசிரியர் கேட்டால் சிவப்பு மையால் சுழிப்பார். பேசுகிறவர் யாரையும் பொருளாக்கவில்லை. ‘அக்கா வந்தா’ என்பதன் இளக்காரமும் ‘அக்கா வந்தாங்க’ என்பதன் தூரமும் வேண்டாம் என்று நினைக்கிறவருக்கு நடுவில் கிடைத்த ஒரே இடம் அது. பாசமும் அங்கே வந்து தங்கிவிட்டது. குழந்தைக்கும் அதே வடிவம்: ‘பாப்பா தூங்குது’. கணவன் பெயரைச் சொல்லத் தயங்கிய மனைவி ‘அது இன்னும் வேலையிலேருந்து வரல’ என்றதும் உண்டு. பக்கத்துத் தெலுங்கில் இது இலக்கணமாகவே இருக்கிறது; பெண் ஒருமைக்கும் அஃறிணை ஒருமைக்கும் வினைமுற்று ஒன்றுதான். தமிழில் இது தேர்வு. தேர்வு என்பதால்தான் இதில் அர்த்தம் இருக்கிறது. பெண்களை அஃறிணையாக்கும் ஆணாதிக்கம் என்று இதை ஒரேயடியாக ஒதுக்கும் வாதத்தை நான் ஏற்கவில்லை. குறை, நடுப்படி இல்லாமல் விட்டதில் இருக்கிறது. ‘வந்துச்சு’ அதற்கு மக்கள் போட்ட ஒட்டு.

யாழ்ப்பாணம் இதையும் வேறுவிதமாகத் தீர்த்துவைத்திருக்கிறது. அங்கே ‘அவள்’ வேறு, ‘அவ’ வேறு. ‘அவள் வந்தவள்’ மரியாதை இல்லாதது. ‘அவ வந்தவ’ மரியாதை ஒருமை. ‘அவர் வந்தவர்’ என்று ஆணுக்குச் சொல்வதற்கு நேர் இணை. சென்னையில் ஒருவரின் மனைவியை ‘அவ’ என்று சொன்னால் சண்டை வரும். யாழ்ப்பாணத்தவர் அதையே மதித்துச் சொல்வார். தமிழகப் பிராமணர் பேச்சிலோ ‘அவா வந்தா’ என்றால் அவர்கள் பலர் வந்தார்கள் என்று பொருள். கனடாவிலோ லண்டனிலோ இரண்டு ஊர்த் தமிழர் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தால் இந்த ஒரு எழுத்தால் வரும் மனத்தாங்கல் கொஞ்சநஞ்சமில்லை.

இதுவரை சொன்னவை வயது, உறவு, பழக்கம். இவற்றுக்கு அடியில் சாதி ஓடுகிறது. உலகப் பல்கலைக்கழகங்களில் மொழியியல் மாணவர்கள் கட்டாயம் படிக்கும் நூல்களில் ஒன்று பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் பணிவைப் பற்றி எழுதியது. 1978-ல் நீண்ட கட்டுரையாக வந்து 1987-ல் தனி நூலானது. அவர்கள் கோட்பாட்டுக்கு ஆதாரமாகக் கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவின் மாயா மொழிகளில் ஒன்றான ட்செல்டால், தமிழ். அந்தத் தமிழ் கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் லெவின்சன் கேட்டுச் சேர்த்தது. ஏடுகளில் இருந்த தமிழ் அன்று. களத்துமேட்டிலும் வீட்டுத் திண்ணையிலும் பேசிய தமிழ். எந்தச் சாதி எந்தச் சாதிக்கு ‘நீ’ கொடுக்கிறது, பதிலுக்கு என்ன பெறுகிறது என்று அவர் பார்த்தார். ‘நீ’ கொடுத்து ‘நீங்க’ பெறுகிறவர் மேலே. ‘நீங்க’ கொடுத்து ‘நீ’ பெறுகிறவர் கீழே. யார் வீட்டில் யார் சாப்பிடுவார் என்று மானுடவியலாளர்கள் போடும் கணக்குக்குச் சற்றும் குறையாத துல்லியம் இந்தக் கணக்குக்கு உண்டு.

கோட்பாட்டை விட்டுவிட்டு, அந்தக் காலத்துக் கிராமத்தில் பிறந்த யாரையும் கேட்டால் போதும். ஆதிக்கச் சாதி வீட்டுப் பத்து வயதுப் பையன், தாத்தா வயதுப் பண்ணையாளைப் பெயர் சொல்லி ‘வாடா’ என்பான். அவர் ‘வர்றேன் சாமி’ என்பார். இன்றைக்கும் சில ஊர்களில் இது மறைந்துவிடவில்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது. ‘டா’ என்ற ஒற்றை எழுத்து ஒரு முதியவர் மேல் விழும்போது அதை எழுத்தில் பதிவுசெய்வதுகூடக் கடினம். நண்பனிடம் அன்பாக விழும் ‘டா’வும் அதே எழுத்துதான். அதிகாரத்துக்கு இது வசதி.

நகரம் சாதியை அழித்துவிட்டதா? இல்லை, உடையைக் கொடுத்தது. நகரப் பேருந்தில் நெரிசலான நேரத்தில் நடத்துநரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் போதும். சட்டையை உள்ளே விட்டவருக்கு ‘சார், உள்ள போங்க’. ஜீன்ஸ் போட்ட இளைஞனுக்கு ‘தம்பி, படியில நிக்காதப்பா’. புடவை கசங்காத பெண்ணுக்கு ‘மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க’. மீன் கூடை, காய்கறிக் கூடையோடு ஏறிய கிழவிக்கு ‘ஏ ஆயா, கூடைய அந்தப் பக்கம் தள்ளு’. நான்கு நிமிடத்தில் நான்கு படிகளில் ஏறி இறங்குகிறார், ஒரு தடவைகூடத் தடுமாறாமல். அவரைத் தனியாகக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் வாயில் வருவது பேருந்தில் உள்ள எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு. நகரத்தார் அதைத் தங்கள் அலுவலகத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலிலும் வேறு குரலில் போடுகிறார்கள். பாதுகாவலர் ‘குட் மார்னிங் சார்’ என்கிறார். ‘ம், அந்த கேட்டைத் திற’ என்று பதில் போகிறது.

உலகம் இந்தச் சிக்கலை எப்படி எதிர்கொண்டது என்று பார்த்தால் தமிழின் போக்கு எவ்வளவு தனி என்று புரியும். ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் இருவரும் 1960-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஐரோப்பிய மொழிகளின் ‘நீ’, ‘நீங்கள்’ கதையைச் சொல்கிறது. அதிகாரத்தின் அடையாளமாக இருந்த ஏற்றத்தாழ்வு மெல்லக் குறைந்து, நெருக்கம் மட்டுமே அளவுகோலாகிறது என்பது அவர்கள் கண்டது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793 வாக்கில் எல்லாரும் எல்லாரையும் ‘நீ’ என்றே அழைக்க வேண்டும் என்று முழங்கினார்கள், அது நிலைக்கவில்லை. சுவீடனில் நிலைத்தது. 1967-ல் அந்நாட்டு மருத்துவ வாரியத்தின் தலைமைக்கு வந்த புரூர் ரெக்செட், ஊழியர் அனைவரையும் ‘நீ’ என்றே தான் அழைக்கப்போவதாகவும் தன்னையும் அவ்வாறே அழைக்கும்படியும் அறிவித்தார். அவர் தொடங்கிவைத்தது என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததற்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. சில ஆண்டுகளில் பேராசிரியரும் மாணவரும், முதலாளியும் தொழிலாளியும் ‘நீ’ ஆனார்கள்.

அதே 1967-ல் தமிழ்நாட்டில் அண்ணாவின் அரசு பதவிக்கு வந்தது. ‘ஸ்ரீ’, ‘ஸ்ரீமதி’, ‘குமாரி’ ஆகியவற்றின் இடத்தில் ‘திரு’, ‘திருமதி’, ‘செல்வி’ வந்தன. வடசொல்லுக்குத் தமிழ்ச்சொல் என்று மட்டும் இதைப் படிப்பது பழக்கம். மனுப் போட வந்த விவசாயக் கூலியின் பெயருக்கு முன்னாலும் அரசுக் கடிதம் ‘திரு’ போட்டது என்பது எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. அதற்கு 35 ஆண்டுகள் முன்னால், ஐரோப்பியப் பயணம் முடித்து 1932 நவம்பரில் திரும்பிய பெரியார், இனி எல்லாரையும் ‘தோழர்’ என்றே அழைப்போம் என்று சொன்னார். ‘தோழர்’ என்ற சொல்லில் ‘அர்’ விகுதி இருக்கிறது. ‘தோழர், வா’ என்று யாரும் சொல்வதில்லை, ‘தோழர், வாங்க’தான். இடதுசாரி இயக்கங்களிலும் இன்றுவரை அப்படியே. முதலாளியை ‘நீ’ என்று கூப்பிட்டுத் தமிழ்ப் புரட்சிக்காரர்கள் சமத்துவம் கொண்டுவர முயலவில்லை. தொழிலாளியை ‘நீங்க’ ஆக்கினார்கள்.

இதில் காரணம் இருக்கிறது. ஐரோப்பாவில் ‘நீ’ என்பது குடும்பத்திலும் நட்பிலும் புழங்கிய சொல். அதை எல்லாருக்கும் கொடுத்தால் எல்லாரும் குடும்பம். இங்கே ‘நீ’யும் ‘டா’வும் நூற்றாண்டுக் கணக்கில் பெரும்பாலான மக்கள் மேல் எறியப்பட்டவை. அதை வாங்கி வாங்கிச் சலித்தவர்களிடம் போய் ‘இனி எல்லாரும் நீ’ என்றால் அவர்களுக்கு அதில் என்ன லாபம்? அவர்கள் கேட்டது ‘ங்க’. கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் பொதுவெளியில் அது மெல்லக் கிடைத்துவருகிறது. ஆட்டோக்காரரிடம் ‘வருவீங்களா?’ என்று கேட்பது இன்று இயல்பு. ஜவுளிக்கடையில் யார் நுழைந்தாலும் ‘வாங்க, என்ன பாக்குறீங்க?’. செய்தித்தாள்களில் முன்பு ‘கைது செய்யப்பட்டான்’ என்று முடிந்த வரி, இப்போது பல இடங்களில் ‘கைது செய்யப்பட்டார்’ என்று முடிகிறது. திருடனுக்கு என்ன ‘ஆர்’ என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. குற்றம் நிரூபணமாகும்வரை அவர் திருடர் இல்லை என்று சட்டம் சொல்வதை அந்த விகுதியும் சொல்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. அம்மாவுக்கு ‘நீ’, அப்பாவுக்கு ‘நீங்க’ என்பது பல குடும்பங்களில் எழுதாத விதியாக இருந்தது. அம்மாவிடம் இருந்த நெருக்கம் என்று அதற்கு அழகான விளக்கம் சொல்வார்கள். அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதும் அதற்குள் அடக்கம். இன்று அப்பாவை ‘நீ’ என்று கூப்பிடும் பிள்ளைகள் அதிகம். கணவனை ‘ஏங்க’, ‘இந்தாங்க’, ‘நம்ம ராஜாவோட அப்பா’ என்று சுற்றிவளைத்த தலைமுறைக்கு அடுத்து, ‘டேய், எங்கடா இருக்க?’ என்று போனில் கேட்கும் மனைவிகள் வந்தார்கள். அவர்களின் பாட்டிகளுக்கு இது அதிர்ச்சி, கணவர்களுக்கு இல்லை. சண்டை வந்துவிட்டால் மட்டும் அதே வாய் ‘நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்க’ என்று மாறும். வெளியில் ஏறுகிறது, உள்ளே இறங்குகிறது. இரண்டும் சமத்துவம்தான், உள்ளே இருப்பவர்கள் தாழ்த்தப்படும் பயம் இல்லாமல் ‘நீ’க்கு வருகிறார்கள்.

இயந்திரங்கள் இந்தக் கணக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. செல்பேசித் திரையில் பொத்தானின் மேல் ‘தேடு’, ‘அனுப்பு’, ‘நீக்கு’ என்று ஒருமை ஏவல். அதே திரை நம்மிடம் பேசும்போது ‘கடவுச்சொல்லை உள்ளிடவும்’. பொத்தானில் இருப்பது நாம் இயந்திரத்துக்கு இடும் கட்டளை. ஆகவே அதற்கு ‘நீ’. நமக்கு வரும் ‘வும்’ என்ற வடிவமோ யாரையும் எந்தப் படியிலும் வைக்காத அலுவலகத் தமிழ். கதவை மூடவும், வரிசையில் வரவும், எண் ஒன்றை அழுத்தவும். பழைய வியங்கோளின் வேலையை இது பார்க்கிறது. சுவரில் ‘இங்கே குப்பை கொட்டாதே’ என்றும் ‘கொட்டாதீர்’ என்றும் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். எந்தத் தெருவில் எது எழுதப்பட்டிருக்கிறது என்று யாராவது பொறுமையாகக் கணக்கெடுத்தால் ஒரு நல்ல ஆய்வேடு கிடைக்கும்.

‘ங்க’ இன்னும் போய்ச்சேராத இடங்கள் இருக்கின்றன. காவல் நிலையம் அதில் முதலாவது. கேரளத்தில் 2021-ல் உயர் நீதிமன்றம் இதில் தலையிட்டது. ‘நீ’, ‘எடா’, ‘எடீ’ என்று பொதுமக்களை அழைப்பதைப் போலீசார் கைவிட வேண்டும் என்று நீதிமன்றம் அறிவுறுத்தியதை அடுத்து மாநிலக் காவல்துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார். மலையாளத்துக்கும் நமக்கும் ‘நீ’ ஒன்றுதான். ‘எடா’ நம் ‘அடா’வின் உடன்பிறப்பு. அங்கே நீதிமன்றத்துக்குப் புரிந்த அவமானம் இங்கே புரியாத அவமானம் அன்று. துப்புரவுப் பணியாளர், வீட்டு வேலைக்கு வருகிறவர், உணவகத்தில் மேசை துடைக்கும் வெளிமாநிலத்து இளைஞர் ஆகியோரும் இந்த வரிசையில் இருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னவருக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் தெரியும். முதலில் அவர் கற்றுக்கொண்ட தமிழ்ச்சொற்களில் ‘டேய்’ ஒன்றாக இருக்கும்.

பொதுவெளியில் யாருக்கு ‘ங்க’ போடுவது என்று யோசித்துத் தயங்கும் நேரத்தில் நமக்குப் பதுங்க ‘சாப்பாடு ஆச்சா’ இருக்கிறது, ‘உக்காரலாமே’ இருக்கிறது. தயங்காமல் ‘வா’ என்று வாயில் வருகிற இடங்களைத்தான் நாம் பார்க்க வேண்டும். தமிழ்நாடு காவல்துறையும் மாநகராட்சிகளும் கேரளத்தைப் போல ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அதற்குச் செலவு ஒரு தாள். வீட்டு வாசலில் அதுவும் வேண்டாம். குப்பை வாங்க வருகிற அம்மாவிடம் நாளைக் காலை ‘வாங்க’ என்று சொல்லிப் பாருங்கள்.